கூட வேலை செய்பவர்களுக்குக் கிண்டலாகப் பண்டிகை வாழ்த்து எழுதுவது எப்படி: மலையகத்து வேலைத்தளங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தீபாவளி அன்று காலையில் வட்ஸ்அப்பைத் திறந்தால் ஒரே குத்துவிளக்குப் படம் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்திருக்கும். அனுப்பியவரும் அதை வாசித்திருக்க மாட்டார், வாங்கியவரும் வாசிக்க மாட்டார். அதே நேரத்தில் கூட வேலை செய்யும் ஒருவர், "அண்ணே, இன்னைக்காவது அந்தப் பச்சை ஸ்வெட்டரக் கழட்டி வச்சிட்டுப் புதுச்சட்டையப் போடுங்க, தீபாவளி வாழ்த்துகள்!" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அண்ணன் அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். பச்சை ஸ்வெட்டர் என்றதும் அவர் மனைவிதான் முதலில் சிரிப்பார்.

கிண்டல் வாழ்த்தின் பலமே அதுதான். உன்னைத் தினமும் பார்க்கிறேன், உன் பழக்கம் எனக்குத் தெரியும், நீ இல்லாவிட்டால் இந்த இடம் சப்பென்று இருக்கும் என்று நேராகச் சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம். ஒரு பகிடியோடு சேர்த்தால் கூச்சமில்லாமல் சொல்லிவிடலாம். ஆனால் கொஞ்சம் தவறினாலும் பண்டிகை நாளில் ஒருவர் மனதை நோகடித்துவிடும். அதனால்தான் இதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இலங்கை மலையகத்தில் தோட்டத்து ஆபீஸ், தேயிலை ஸ்டோர், பாடசாலை, வங்கி, ஹட்டன் பண்டாரவளைக் கடைகள், நுவரெலியா ஹோட்டல்கள் என்று எங்கே வேலை செய்தாலும் இது பொருந்தும்.

முதல் படி: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

எழுத உட்காரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கிண்டல் செய்யப்போகும் இந்த விஷயத்தைப் பற்றி அவரே தேத்தண்ணி நேரத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாரா? சிரித்திருந்தால் தாராளமாகத் தொடலாம். மற்றவர்கள் மட்டும் அவர் இல்லாத நேரத்தில் சொல்லிச் சிரிக்கும் விஷயம் என்றால் அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பெயர் புறணி. வாழ்த்துக்குள் வைத்தாலும் அது புறணிதான்.

இந்தக் கேள்வியில் தேறும் விஷயங்கள் எந்த வேலைத்தளத்திலும் நிறையக் கிடக்கும். எட்டரை பஸ்ஸைத் தினமும் தவறவிடுபவர். மழை வந்ததும் அடுத்தவர் குடையைத் தேடுபவர். பிளேன்டீக்கு நாலு கரண்டி சீனி போட்டுவிட்டு "கொஞ்சந்தான்" என்பவர். சாப்பாட்டுப் பெட்டியைப் பத்து மணிக்கே திறந்து பார்ப்பவர். ஒரு பேனை கேட்டால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் ஸ்டோர்கீப்பர். பக்கத்து மலை வரைக்கும் கேட்கிற மாதிரி போன் பேசுபவர். இவை எல்லாம் பழக்கங்கள். நினைத்தால் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், மாற்றாவிட்டாலும் யாருக்கும் நட்டமில்லை.

தொடக்கூடாதவையும் இதே அளவுக்குத் தெளிவானவை. நிறம், உடம்பு, சாதி, இன்னும் கல்யாணம் ஆகாதது, பிள்ளை இல்லாதது, கடன், வீட்டுச் சண்டை. "அடுத்த தீபாவளி தலைதீபாவளியா இருக்கட்டும்" என்று முப்பது தாண்டிய அக்காவுக்கு எழுதுகிறவர்கள் அதை நல்ல வாழ்த்து என்றே நினைக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர் அந்த மாதம் வீட்டிலும் கோயிலிலும் ஏற்கெனவே கேட்டுச் சலித்திருப்பார். நீங்களும் ஏன் கேட்க வேண்டும்?

குடியைப் பற்றிய பகிடியையும் நான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன். பண்டிகை என்றாலே போத்தல் என்று வாழ்த்து எழுதுவது பலருக்குக் கைவந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பண்டிகைக் காசு போன இடம் அதுதான். உங்கள் நண்பர் சிரிப்பார். அவர் போனை எடுத்துப் பார்க்கும் மகளுக்கு அது சிரிப்பாக இருக்காது.

இன்னொன்று மலையகத்துக்கே உரியது. தோட்டம், லயம் என்ற வரிசை வீடுகள், கொழுந்துக் கூடை, பேசும் விதம் ஆகியவற்றை வைத்து வெளியிலிருந்து நம்மை ஏளனம் செய்தவர்கள் நிறைய. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இந்த மலைகளுக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதை 2023இல் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறு வருஷத்திலும் இந்த ஏளனம் கூடவே வந்திருக்கிறது. நாலு சுவருக்குள் நாமே நம்மைப் பற்றி "காம்பராப் புத்தி" (லயத்து அறைக்குள்ளேயே கிடக்கும் புத்தி) என்று சொல்லிச் சிரிப்பது வேறு, அதை எழுத்தில் போட்டு ஐம்பது பேர் இருக்கும் குரூப்பில் அனுப்புவது வேறு. அந்த ஐம்பது பேரில் யார் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள், எங்கே அனுப்பிவைப்பார்கள் என்று சொல்ல முடியாது. எழுதும் வாழ்த்தில் இது வேண்டாம்.

இரண்டாம் படி: இந்த வருஷம் அவர்களுக்குப் பண்டிகை உண்டா என்று பாருங்கள்

சின்ன வேலைதான், ஆனால் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் அந்த வருஷம் தீபாவளி, பொங்கல் கொண்டாடாமல் விடுவது நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். அவருக்குக் கிண்டல் வாழ்த்துப் போகக்கூடாது, சாதாரண வாழ்த்தும் போகக்கூடாது. "அக்கா, நேரம் கிடைக்கும்போது ஒரு நாள் வீட்டுக்கு வர்றோம்" என்று எழுதினால் போதும்.

ஊருக்கே துக்கம் வரும் வருஷங்களும் உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு லயங்களை மூடியது. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நத்தாருக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் நம் மலைகளில் மழைக்காலம், பண்டிகைக்காலமும் அதுதான். மழையைப் பற்றியும் பாதை உடைவதைப் பற்றியும் பகிடி எழுதும் முன் அந்த வாரத்துச் செய்தியைப் பாருங்கள். குடை மறப்பவரைக் கிண்டல் செய்வதில் பிழையில்லை. ஆனால் மேலே மண் இளகிக் கிடக்கும் தோட்டத்தில் இருப்பவருக்கு மழைப் பகிடியே வேண்டாம்.

மூன்றாம் படி: பண்டிகைக்குள் இருக்கும் சரக்கை எடுங்கள்

ஒருவரின் பழக்கமும் பண்டிகையின் ஒரு விஷயமும் ஒரு வரியில் மோதும்போதுதான் சிரிப்பு வருகிறது. பழக்கத்தை முதல் படியில் எடுத்துவிட்டோம். இனிப் பண்டிகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு ஈடு எதுவும் இல்லை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊருக்கு வருவது அதற்குத்தான். ஹட்டன் டவுனில் நடக்க இடமிருக்காது. அப்புறம் விடியற்காலை எண்ணெய்க் குளியல். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேங்காயெண்ணெய் அங்கே பெரும்பாலும் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துதான் இருக்கும். அடுப்புப் பக்கத்தில் போத்தலைச் சாய்த்து வைத்து, அடியில் கொஞ்சம் உருகியதும் உள்ளங்கையில் ஊற்றி அவசரமாகத் தலையில் தடவ வேண்டும். தாமதித்தால் போத்தலில் மிச்சமிருப்பது மறுபடியும் கட்டியாகிவிடும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவருக்கு இந்தப் பாடு தெரியாது. நம் வாழ்த்துக்கு இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? குளிருக்குப் பயந்த அக்காவுக்கு இப்படி எழுதலாம்:

"அக்கா, நரகாசுரன் நுவரெலியாக்காரனா இருந்திருந்தா கிருஷ்ணருக்கு வேலையே இருந்திருக்காது, நாலு மணிக் குளியல்லயே போய்ச் சேந்திருப்பான். நீங்க தண்ணிய நல்லா சுட வச்சுக் குளிங்க. வீட்ல எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள்!"

முறுக்கும் பலகாரமும் அடுத்த சரக்கு. "தங்கச்சி, போன தீபாவளிக்கு நீங்க தந்த முறுக்குல ஒன்னு இன்னும் என் மேசையில பேப்பர் பறக்காம இருக்க வச்சிருக்கேன். பக்கத்து மேசைக்கும் ஒன்னு வேணுமாம், மறந்துறாதீங்க. இனிய தீபாவளி!" அந்தத் தங்கச்சி தன் முறுக்கைப் பற்றித் தானே சிரிப்பவராக இருந்தால் மட்டும் இதை அனுப்புங்கள். விடிய விடியச் சுட்டுக் கொண்டு வந்தவர் என்றால், "டப்பாவ மேசைல வச்சிட்டுத் திரும்பிப் பாக்கிறதுக்குள்ள காலி. இந்த வருஷம் பூட்டோட கொண்டு வாங்க" என்று நம்மேல் பழியைப் போட்டு எழுதுவது நல்லது.

தீபாவளி அட்வான்ஸைப் பற்றிப் பேசாமல் தோட்டத்துத் தீபாவளியைப் பற்றிப் பேச முடியாது. பண்டிகைக்கு முன்னால் கைக்கு வந்து, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழியும் காசு அது. இதை வைத்துக் கிண்டல் செய்யலாமா? அட்வான்ஸ் எடுக்கும் ஆள் இன்னொரு அட்வான்ஸ் எடுக்கும் ஆளிடம் 'நம்ம' என்று சொல்லிச் செய்யலாம். "மச்சான், நம்ம அட்வான்ஸ் வந்த வேகத்துல போயிருச்சு. சிரிப்பாவது அடுத்த சம்பளம் வரைக்கும் நிக்கட்டும், நல்ல தீபாவளி!" இதே வரியை ஆபீஸில் உட்கார்ந்து பெயர் குறிக்கும் கிளாக்கர், கொழுந்து எடுக்கும் ஒருவருக்கு அனுப்பினால் அது ஏளனமாகிவிடும். காசு விஷயத்தில் கிண்டல் ஒரே வரிசையில் நிற்பவர்களுக்குள் மட்டும்தான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

பொங்கலுக்கு வருவோம். ஜனவரி 14 அல்லது 15. மலையில் அது பனிக்காலம். சூரியனுக்குப் பொங்கல் வைக்க முற்றத்தில் நிற்போம், சூரியன் மூடுபனிக்குள் இருக்கும். இது தாமதமாக வருபவர்களுக்கென்றே அமைந்த பண்டிகை: "தம்பி, நம்ம ஊர்ல சூரியபகவானும் ஒன்பது மணிக்கு மேலதான் டியூட்டிக்கு வர்றார். ஒரே ஷிப்ட்டுல வேல செய்ற ரெண்டு பேருக்கும் பொங்கல் வாழ்த்துகள்!" ஆபீஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகும் மிஸ்ஸுக்கு, "மிஸ், வருஷத்துல இன்னைக்கு ஒரு நாள் பால் பொங்கி வழிஞ்சா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டோம், நல்லா பொங்கட்டும்!"

சித்திரைப் புத்தாண்டு, ஏப்ரல் 13, 14. இது சிங்கள நண்பர்களுக்கும் நமக்கும் ஒன்றாக வருவதால் எல்லா ஆபீஸிலும் எல்லோருக்கும் பொதுவான பகிடி செய்ய ஏற்ற நாள். அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்ட, சாப்பிட, வேலைக்குப் புறப்பட என்று எல்லாவற்றுக்கும் சுபநேரம் குறித்திருக்கும், பத்திரிகைகளிலும் வரும். எட்டரை பஸ்ஸைத் தவறவிடுபவர் இங்கேயும் மாட்டுவார்: "வேலைக்குப் புறப்பட நல்ல நேரம் பேப்பர்ல போட்டிருக்காங்க அண்ணே. வருஷம் முழுக்க நீங்க அந்த நேரத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தீங்கன்னு இப்பதான் வெளங்குது. புத்தாண்டு வாழ்த்துகள்!" நுவரெலியாவில் ஏப்ரல் என்றால் சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவியைச் சுற்றிக் கூட்டம். ஹோட்டலில் வேலை செய்பவர்களுக்குப் புத்தாண்டில் லீவு கிடைக்காது. அவர்களுக்கு அனுப்புவதில் கிண்டலைக் குறைத்து அக்கறையைக் கூட்டுங்கள்: "நாடே லீவு எடுத்து உங்க ஊருக்கு வந்திருக்கு, நீங்க மட்டும் டியூட்டியில. உங்க பங்குப் பலகாரத்த மறைச்சு வச்சிருக்கோம், சீசன் முடிஞ்சு வாங்க."

புத்தாண்டில் பெரியவர்கள் நல்ல நேரத்தில் கையில் கொடுக்கும் காசுதான் கைவிசேஷம், அது மேலதிகாரிகளுக்கு உரியது. அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

நத்தாருக்கு கேக், குளிர், நத்தார் தாத்தா. "நத்தார் தாத்தா ஒரு ராத்திரியில உலகம் பூராவும் குடுத்துட்டுப் போறார், உங்ககிட்ட ஒரு பேனைக்கு மூணு கையெழுத்து. இருந்தாலும் ஸ்டோர்ல ஒன்னும் குறையாம இருக்கிறது உங்களாலதான். நத்தார் வாழ்த்துகள் சேர்!" மாசி மாதத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் தேர். பஞ்சரதம் இழுக்க லீவு போடும் தம்பிக்கு, "தேர் இழுக்கிற கையி, மீட்டிங் ஹோலுக்கு ஒரு கதிரைய இழுக்கக் கூப்பிட்டா மட்டும் வலிக்குதா? அம்மன் துணை இருக்கட்டும், நல்லா இழுங்க."

நான்காம் படி: எழுதுங்கள், வெட்டுங்கள்

நல்ல கிண்டல் வாழ்த்தில் மூன்று பகுதிகள் இருக்கும். கூப்பிடுவது, கிள்ளுவது, வாழ்த்துவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வாழ்த்திவிட்டுக் கடைசியில் கிள்ளினால் அவர் மனதில் அந்தக் கிள்ளு மட்டும்தான் நிற்கும்.

ஒரு வரி எப்படி உருவாகிறது என்று பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஆள்: மலையில் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடும் கணக்கப்பிள்ளை. அவர் குரல் பெரியது என்பதை அவரே பெருமையாகச் சொல்வார். பண்டிகை: தீபாவளி.

முதலில் மனதில் வருவது: "எப்போதும் கத்திக்கொண்டே இருக்கும் எங்கள் கணக்கப்பிள்ளைக்குத் தீபாவளி வாழ்த்துகள்." இது கிண்டல் இல்லை, முறைப்பாடு. 'எப்போதும்' என்ற சொல்லில் கோபம் தெரிகிறது. பண்டிகையும் உள்ளே வரவில்லை.

பண்டிகையை உள்ளே கொண்டு வருவோம். சத்தத்துக்குத் தீபாவளியில் என்ன இருக்கிறது? பட்டாசு. "உங்க சத்தத்துக்கு முன்னால பட்டாசு தோத்துரும் ஐயா." பரவாயில்லை, ஆனால் இதை யார் யாருக்கும் எழுதலாம். அந்த மலை இதில் இல்லை.

மலையைச் சேர்ப்போம். "ஐயா, இந்த வருஷம் பட்டாசுக்குக் காசு செலவழிக்காதீங்க. மேட்டுல ஏறி நின்னு ஒரு தரம் கூப்பிட்டீங்கன்னா பக்கத்து டிவிசன்லயும் தீபாவளி வந்துரும்." இப்போது அவர் மேட்டில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. குரல் அவருடைய பலமாகவும் மாறிவிட்டது. கடைசியாக வாழ்த்து: "அந்தக் குரல் இன்னும் நூறு வருஷம் கேக்கட்டும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தீபாவளி வாழ்த்துகள்."

முழுவதையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் நீளம். நாலு வரிக்கு மேல் போனால் எங்கேயோ விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். விளக்கும் இடத்தை வெட்டுங்கள். "சும்மா பகிடிக்குச் சொன்னேன், கோவிக்காதீங்க" என்று கடைசியில் எழுதத் தோன்றினால் அந்தக் கிண்டலில் முள் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு வேறு யோசியுங்கள்.

எழுத்து நடையைப் பற்றி ஒரு வார்த்தை. வாழ்த்து அட்டைத் தமிழில் கிண்டல் வராது. "தங்கள் இல்லத்தில் இன்பம் பொங்கிப் பெருகட்டும்" என்று தொடங்கிவிட்டால் பிறகு பேனையைப் பற்றிப் பேச முடியாது. நீங்கள் அவரோடு பேசும் தமிழிலேயே எழுதுங்கள். அந்தத் தமிழைப் பார்த்ததுமே இது தனக்கென்று எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: ஆளுக்கேற்ற அளவு

சம வயதுக்காரர், மச்சான் என்று கூப்பிடும் உறவு என்றால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். அவரே திருப்பித் தருவார்.

உங்களைவிடப் பெரியவர், நீண்ட நாள் வேலை செய்தவர் என்றால் கிண்டல் அவருடைய அனுபவத்தைத் தொட்டு மரியாதையில் முடிய வேண்டும். "டீமேக்கர் ஐயா, தூளை மோந்து பாத்தே எந்த மலைக் கொழுந்துன்னு சொல்லிருவீங்க, வீட்ல பொங்கல்ல உப்புக் கூடினா மட்டும் கண்டுபிடிக்காதீங்க, அம்மா பாவம். பொங்கல் வாழ்த்துகள் ஐயா." 'ஐயா', 'வாங்க', 'போங்க' ஆகியவை எந்தப் பகிடியிலும் குறையக்கூடாது.

மேலதிகாரிக்கு எழுதுவது தனிக் கலை. அவர் சிரிக்கும் ஆளா என்று பாருங்கள். அப்படிப்பட்டவருக்குக் கைவிசேஷம் நல்ல வாய்ப்பு: "சேர், நல்ல நேரத்துல கைவிசேஷம் குடுக்கிறவங்களுக்கு வருஷம் முழுக்கக் காசு சேருமாம். உங்க நன்மைக்காக நாங்க எல்லாரும் காலையிலேயே வரிசையில நிக்கத் தயார்." இதில் கேலி நம்மீதும் பாதி விழுகிறது, அதனால் தாங்கும். அவருடைய முடிவுகள், கோபம், சம்பள விஷயம் ஆகியவற்றை வாழ்த்தில் கலக்காதீர்கள். அவற்றைப் பேச வேண்டுமென்றால் நேராகப் பேச வேண்டும்.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவருக்குத்தான் மிகக் கவனமாக எழுத வேண்டும். அவரால் திருப்பிக் கிண்டல் செய்ய முடியுமா? முடியாதென்றால் நீங்களும் செய்யாதீர்கள். தோட்டத்து உதவி முகாமையாளரான சின்ன துரை ஒருவர் கொழுந்து எடுக்கும் பெண்ணைப் பார்த்துச் சொல்லும் பகிடிக்கு அந்த அம்மா சிரிக்கத்தான் செய்வார். சிரிக்காமல் இருக்க அவரால் முடியாது, அதனால் அந்தச் சிரிப்பை நம்ப வேண்டாம். மேலே இருப்பவர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டு வாழ்த்தினால் போதும்: "போன மாசம் பத்தாம் நம்பர் மலையில வழுக்கி விழுந்தது நான்தான்னு எல்லாருக்கும் தெரியும். பண்டிகை நாள்ல நீங்க யாரும் வழுக்காம பாத்து நடங்க."

பெண்களுக்கு எழுதும்போது சேலை, அலங்காரம், பருமன் என்று போகாமல் வேலையில் அவர்கள் காட்டும் சாமர்த்தியத்தைத் தொடுங்கள். எந்தக் கணக்கும் தப்பாத கேஷியர் அக்காவுக்கு, "தீபாவளி வெடில எண்ணிப் பாத்துத்தான் பத்த வைப்பீங்கன்னு கேள்விப்பட்டோம்" என்று எழுதினால் அவர் அதை ரசிப்பார்.

மற்ற சமயத்தவர்கள் விஷயத்தில் சாப்பாட்டைத் தொடலாம், வழிபாட்டைத் தொடக்கூடாது. பெருநாளுக்கு முஸ்லிம் நண்பரான நானாவுக்கு, "ஈத் முபாரக் நானா! வட்டிலப்பம் ஆபீஸ் வந்து சேரும்போது பாதிதான் இருக்கு, பஸ்ல யாருக்குப் பங்கு குடுக்கிறீங்கன்னு விசாரணை வைக்கப்போறோம்." நோன்பைப் பற்றிப் பகிடி வேண்டாம். வெசாக்கில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலுக்கு இரண்டு தரம் வரிசையில் நிற்கும் சிங்களத் தம்பியான மல்லியை நன்றாகவே கிண்டல் செய்யலாம், ஆனால் சில் எடுத்து (விரதம் இருந்து) விகாரையில் இருப்பவரை அல்ல. "சுப வெசக் மங்கல்யயக் வேவா", "சுப அளுத் அவுருத்தக் வேவா" என்று அவர்கள் மொழியில் வாழ்த்தி, பகிடியை நீங்கள் இருவரும் ஆபீஸில் பேசும் கலப்பு மொழியில் எழுதுங்கள். தெரியாத மொழியில் பகிடி எழுதினால் பெரும்பாலும் எங்கேயாவது இடிக்கும்.

ஆறாம் படி: எங்கே, எப்போது அனுப்புவது

குரூப்பில் போடுவதா, தனியாக அனுப்புவதா? அந்த வரியை அவரே எழுந்து நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார் என்று தோன்றினால் குரூப். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் தனியாக. குரூப்பில் ஒருவரை மட்டும் கிண்டல் செய்துவிட்டு நிற்காதீர்கள். தொடங்கினால் ஆளுக்கொரு வரி என்று எல்லோருக்கும் எழுதுங்கள். தனக்கு ஒரு வரியும் வராதவருக்குத்தான் அன்றைக்கு மனம் கஷ்டப்படும்.

என்னைக் கேட்டால் குரல் பதிவுதான் இதற்கு மிகவும் பொருத்தம். எழுத்தில் கடுமையாகத் தெரியும் வரி குரலில் இளகிவிடும். தோட்டங்களில் சிக்னல் ஒரு மேட்டில் இருக்கும், பள்ளத்தில் இருக்காது. நீளமான வீடியோவைவிட இருபது விநாடிக் குரல் சீக்கிரம் போய்ச் சேரும். வீட்டில் வயதான அம்மாவும் சேர்ந்து கேட்கலாம். அது ஒரு நன்மை, ஒரு எச்சரிக்கையும்கூட. அம்மா கேட்கக்கூடாத எதையும் அதில் பேசாதீர்கள்.

நேரம் என்றால், லீவுக்கு முந்திய கடைசி வேலைநாளின் பின்னேரம் நல்லது. எல்லோரும் பை கட்டிக்கொண்டு இருக்கும்போது ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஊரிலிருந்து கொழும்புக்குப் போய் வேலை செய்பவர்கள் கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வரும்போது ஒரு கிண்டல் வாழ்த்து வந்தால் அந்தப் பயணமே லேசாகிவிடும். பண்டிகை அன்று காலையில் அனுப்பினால் படங்களின் வெள்ளத்தில் உங்கள் வரியும் போய்விடும். மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்திருக்கும் நேரத்தில் அனுப்பிப் பாருங்கள், உடனே பதில் வரும்.

ஏழாம் படி: பதிலை வாங்கிக்கொள்ளத் தயாராக இருங்கள்

நீங்கள் கிள்ளினால் உங்களையும் கிள்ளுவார்கள். அப்போது முகம் சுளித்தால் அடுத்த பண்டிகையிலிருந்து யாரும் உங்களோடு விளையாட மாட்டார்கள். உங்களைப் பற்றி வரும் பகிடிக்கு முதலில் சிரிப்பது நீங்களாக இருங்கள், அதற்கு மேல் ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்.

ஒருவர் வருத்தப்பட்டுவிட்டார் என்று தெரிந்தால் குரூப்பில் நீளமாக விளக்கம் எழுதாதீர்கள். அது புண்ணைத் திறந்து எல்லோருக்கும் காட்டுவது போல. போட்ட செய்தியை எடுத்துவிடுங்கள், அன்றைக்கே போன் பண்ணி, "அண்ணே, நான் எழுதினது பிழை, மன்னிச்சிருங்க" என்று இரண்டு வரியில் முடியுங்கள். "பகிடியைப் பகிடியா எடுக்கத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நட்பு முறிவது பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான், முதலில் சொன்ன பகிடியில் அல்ல.

இன்னொரு நாளும் இருக்கிறது. பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள். எல்லோர் முகத்திலும் தூக்கம், பையில் மிஞ்சிய பலகாரம். வாழ்த்து அனுப்ப மறந்தவர்களுக்கு அதுதான் இரண்டாவது வாய்ப்பு. ஸ்டோரிலோ ஆபீஸிலோ தேத்தண்ணி போடும் இடத்தில் ஒரு கடதாசியை ஒட்டி, ஆளுக்கொரு வரி எழுதுங்கள். சில மாதிரிகள்:

"புதுச்சட்டையில வந்திருக்கும் அண்ணனை யாரும் புது ஆள்னு நெனச்சு வேலை பழக்க வேண்டாம்."

"லீவுக் கடிதத்துல 'காய்ச்சல்'னு எழுதினவங்க கையில மருதாணி இருக்கக்கூடாது, அடுத்த முறை பாத்துக்கங்க."

"நாலு நாளா இந்த மலையில சத்தமே இல்ல. கணக்கப்பிள்ளை ஐயா, வந்துட்டீங்களா?"

"பலகாரப் பெட்டியோட வந்தவங்களுக்கு முதல் மரியாதை. வெறுங்கையோட வந்தவங்க கோப்பை கழுவலாம். எல்லாரும் நல்லபடியா வந்து சேந்ததுல சந்தோஷம்."